'இணையத்தின் தாத்தா' டேவிட் ஃபார்பர்: நம்ம அப்ரைசல் ஃபார்மில் இவருக்கு எத்தனை மார்க்?

இந்தப் பக்கத்தைத் திறக்க ஒரு லிங்க்கைத் தட்டினீர்கள். அதிலிருந்த பெயரை எண் முகவரியாக மாற்றி, உங்கள் போனைச் சரியான சர்வருக்கு அனுப்பியது டிஎன்எஸ். 1983-ல் அதை வடிவமைத்தவர் பால் மொக்கபெட்ரிஸ். இணைய முகவரிகள் யாருக்கு, எப்படி என்ற கணக்கைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டவர் ஜான் போஸ்டல். இருவரின் பிஎச்டி-க்கும் வழிகாட்டி ஒரே ஆள்தான்: டேவிட் ஃபார்பர்.

யார் இந்த ஃபார்பர்?

1934-ல் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் பிறந்தவர். பெல் ஆய்வகத்தில் 11 ஆண்டுகள் வேலை. ஸ்னோபால் என்ற கணினி மொழியை உருவாக்கிய மூவரில் ஒருவர். பிறகு இர்வைன், டெலவேர், பென்சில்வேனியா பல்கலைக்கழகங்களில் வாத்தியார் வேலை. பென்சில்வேனியாவில் தொலைத்தொடர்புப் பேராசிரியர். 80 வயதைத் தாண்டியும் ஜப்பானின் கெயோ பல்கலைக்கழகத்துக்குப் பாடம் நடத்தப் போனார்.

கதவைத் திறந்த நெட்வொர்க்

இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில், பாதுகாப்புத் துறையோடு தொடர்புள்ள நிறுவனங்களுக்குத்தான் இடம். மற்ற கல்லூரிகள் வாசலில் நிற்க வேண்டியதுதான். 1981-ல் லேரி லேண்ட்வெபர் உள்ளிட்டோருடன் சேர்ந்து ஃபார்பர் தொடங்கிய சிஎஸ்நெட் அந்த நிலையை மாற்றியது. வசதி குறைந்த துறைகள் சாதாரண டெலிபோன் லைனில் டயல் செய்தே மெயில் அனுப்பலாம். அதற்கான மென்பொருள் டெலவேரில் அவர் மாணவர் டேவ் கிராக்கர் எழுதியது.

சரி, அவர் என்னதான் கண்டுபிடித்தார்?

ஒரே வரியில் சொல்ல முடியாது. அதனாலேயே 'இணையத்தின் தந்தை' பட்டியலில் அவர் பெயர் அடிபடுவதில்லை. மாணவர்களை வைத்து 'தாத்தா' என்கிறார்கள். டிஎன்எஸ் மொக்கபெட்ரிஸின் சாதனைதானே, வாத்தியாருக்கு எதுக்கு பங்கு என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் ஒரே ஆளிடமிருந்து இத்தனை பேர் வந்தால், அதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியுமா?

நம்ம ஆபீஸ் அப்ரைசல் ஃபார்மை நினைத்துப் பாருங்கள். 'நீங்கள் என்ன முடித்தீர்கள்?' என்ற கேள்வி கட்டாயம் இருக்கும். 'உங்களிடம் யார் வேலை கற்றார்கள்?' என்று எத்தனை ஃபார்மில் இருக்கிறது? ஜூனியருக்கு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த இரண்டு மணி நேரம் 'வேஸ்ட்' கணக்கில்தான் போகிறது. அந்தக் கேள்வியையும் ஃபார்மில் சேர்க்கச் சொல்லி இந்த வருஷம் ஹெச்ஆரிடம் கேட்டுப் பாருங்களேன்.