கேட்டலும் ஊழியமே

"போதகர்" என்னுஞ் சொல் போதிப்பவர் என்று பொருள்படும். "உபதேசியார்" என்பதும் அத்தகையதே. "பிரசங்கியார்" என்பதைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ? திருச்சபையிலே தொண்டு புரிவார்க்கு நம் மொழியில் வழங்கும் பெயர்களுட் பல, வாயின் தொழிலையே சுட்டி நிற்கின்றன. செவியின் தொழிலைச் சுட்டும் பெயர் ஒன்றேனும் உண்டோ எனத் தேடிப் பார்த்தேன், கிடைத்திலது. பெயர் பெறாத அத்தொழிலே ஊழியத்தின் முதற்படி என்பது எளியேன் துணிபு. இதனை யான் நூல்வழிக் கற்றேன் அல்லேன். திருத்தணிகை மலையும், அதனை அடுத்த சிற்றூர் ஒன்றில் போதகராயிருக்கும் என் பெரிய தந்தையாருமே எனக்கு இதனைக் கற்பித்தனர்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகின்றேன். சென்ற ஆடித் திங்களில் விடுமுறைக்காக அரக்கோணத்திலிருந்து திருத்தணிகைக்குப் புகைவண்டியிற் சென்றேன். ஆடிக் கிருத்திகை அணுகியிருந்தது. பெட்டி முழுதும் மஞ்சள் ஆடையும் பூக்காவடியும் அரோகரா ஒலியுமாய் இருந்தது. என் எதிரே முதியவர் ஒருவர் காவடியை மடிமேல் அணைத்தவாறு அமர்ந்திருந்தார். தெலுங்கு வாடை கமழும் தமிழில், "தம்பி எந்த ஊர்?" என்று அன்புடன் வினவினார். யானோ விடை கூறிய சூட்டோடு, "ஐயா, வேலேந்திப் போர் செய்யுந் தெய்வத்தினிடம் மனச்சாந்தி தேடிச் செல்லுகின்றீரே, சாந்தியின் பிரபு ஒருவர் உளர் என்பதை அறியீரோ?" என்றேன். சொல்லி முடித்தபோது நல்லதொரு சாட்சி பகர்ந்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டேன்.

முதியவர் சினங்கொள்ளவில்லை. "தம்பி என்ன படிக்கின்றீர்?" என்றார். தமிழ்ச் சிறப்பு வகுப்பு என்றேன். "அப்படியானால் தணிகை என்னும் பேருக்கு என்ன பொருள்?" என்று கேட்டார். அவ்வினாவை யான் எதிர்பார்க்கவில்லை, வாய் அடைத்தது. அவரே சொன்னார்: "சூரனோடு செய்த போர் முடிந்து, சாமி கோபம் தணிந்து வந்து உட்கார்ந்த மலை, தம்பி. அதனால்தான் தணிகை. மற்ற ஊர்களில் கந்த சஷ்டிக்குச் சூரசம்ஹாரம் நடக்கும். எங்கள் மலையில் அது கிடையாது, புஷ்பாஞ்சலி மட்டுந்தான். சண்டை ஓய்ந்த இடத்திற்குத்தான் நாங்கள் போகின்றோம்."

தணி என்னும் பகுதியை யான் அறியேனா? திருமுருகாற்றுப்படையைப் பாடமாகப் படிப்பவன் யான். குன்றுதோறாடல் என்னும் பகுதியோடு இம்மலையை இணைத்துப் பேசும் மரபையும் அறிந்தவன். ஆயினும், 365 படிகளைக் கொண்ட அம்மலைக்கு ஏறுவோர் எதனை நாடி ஏறுகின்றனர் என்று ஒருநாளேனும் ஒருவரையேனும் கேட்டேன் அல்லேன். கேளாமலே விடை கூறப் புகுந்தேன். அவருடைய நம்பிக்கையை யான் ஏற்கவில்லை. இன்றும் ஏற்றேன் அல்லேன். ஆனால் யான் தாக்கியது அவருடைய நம்பிக்கையை அன்று. என் கற்பனையிற் பிறந்த ஒன்றையே. இது சாட்சியாகுமா? பொய்ச்சாட்சிக்கு மிக அணித்தாயது அன்றோ?

அன்றிரவு இதனைப் பெரிய தந்தையாரிடம் கூறினேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "நாளை என்னோடு வா" என்றார். மறுநாள் முழுதும் அவர் பின்னே நடந்தேன். ஒரு சிற்றூர்ப் போதகரின் நாள் எத்தகையது என்பதை அன்றுதான் கண்டேன். விடியற்காலை ஜெபத்திற்குப் பின், காய்ச்சலிற் கிடந்த சிறுவன் ஒருவன் வீடு. அடுத்து, வரப்பு வழக்கினால் பேச்சற்றுப் போன இரு சகோதரர்களின் வீடுகள். பின்னர், மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு விண்ணப்பம் எழுதித் தருமாறு வேண்டிய ஒரு தாய். எல்லை நாடாகிய அங்கே ஒரு வீட்டில் தமிழும் மறுவீட்டில் தெலுங்கும் வழங்கும். அவரும் அவ்வம்மொழியிலே ஜெபித்தார். 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணிகை ஆந்திரத்தினின்றும் சென்னை இராச்சியத்தோடு இணைந்தது. வரைபடத்தில் கோடு மாறிற்றேயன்றி மக்கள் நாவிற் கோடு விழவில்லை.

மாலையில் மலையடிவாரத்திற் பூக்கட்டி விற்கும் ஓர் அம்மையாரின் திண்ணையில் அமர்ந்தோம். அவர் நம் சபையைச் சார்ந்தவர் அல்லர். அவருடைய மூத்த மகன் இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. கைகள் நாரிற் பூவைத் தொடுத்துக்கொண்டேயிருக்க, அவர் மகனைப் பற்றிச் சொன்னார், இடையிடையே நிறுத்தினார், மீண்டுஞ் சொன்னார். பெரிய தந்தையார் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஒரு சொல்லும் உரைத்திலர். எழும்போது, "நாளை மறுநாள் வருகின்றேன், அம்மா" என்றார், அவ்வளவே.

எனக்குப் பொறுக்கவில்லை. வழியில், "உயிர்த்தெழுதலின் நம்பிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன். அவர் சிறிது தூரம் நடந்தபின் சொன்னார்: "தம்பி, அந்த அம்மாள் இன்னும் பாதிதான் சொல்லியிருக்கின்றார். பாதிக் கேள்விக்கு முழுப் பதில் சொன்னால், அது நம் மனத்திருப்திக்குச் சொன்னதாகும்."

அவரிடம் ஒரு சிறு குறிப்பேடு உண்டு. நாள்தோறும் இரவில் அதில் எழுதுவார். பிரசங்கக் குறிப்பாக இருக்கும் என்றெண்ணி வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் "இன்று கேட்டவை" என்றிருந்தது. இன்னார் மகனிடமிருந்து மூன்று மாதமாகக் கடிதமில்லை. இன்னார் இரவில் உறங்குவதில்லை. இன்னாருக்கு ஆராதனைக்கு வர நாணம், நல்ல ஆடை இல்லை. இவையே அதில் இருந்தன. அவ்வேட்டை விரித்து வைத்துக்கொண்டுதான் அவர் இராக்கால ஜெபஞ் செய்வார். அவருடைய ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் நெடியதன்று, அணிநலம் உடையதுமன்று. ஆயினும் சபையார் அனைவரும் தத்தமக்கே கூறப்பட்டதாகக் கேட்கின்றனர். காரணம் அக்குறிப்பேட்டில் இருக்கின்றது.

இனி, இத்திருத்தணிகையே நமக்கு வைத்துள்ள மற்றொரு பாடத்தைக் காண்போம். 1888ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் இவ்வூரிற் பிறந்தவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். திருப்பதியில் லுத்தரன் மிஷன் பள்ளி, வேலூரில் ஊரிஸ் கல்லூரி, சென்னையிற் கிறிஸ்தவக் கல்லூரி என அவர் பயின்ற இடங்கள் பலவும் மிஷன் கல்விச்சாலைகளே. அக்கல்விச்சாலைகளில் இந்து சமயம் நடத்தப்பட்ட முறை தம் உள்ளத்தைப் புண்படுத்தியதென்றும், அக்கண்டனங்களே தம் முன்னோர் சமயத்தை ஆராயுமாறு தம்மைத் தூண்டின என்றும் அவர் பிற்காலத்தில் எழுதினார். இவ்வுண்மை நமக்கு இனியதன்று. எனினும் மிஷன் கல்லூரி மாணவராகிய நாமே இதனை முதலில் எண்ணிப்பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.

ஆனால் அவ்வரலாறு அம்மட்டில் முடியவில்லை. எம். ஏ. பட்டத்திற்காக அவர் வேதாந்தத்தின் அறவியலைப் பற்றி ஓர் ஆராய்ச்சியுரை எழுதினார்; அது 1908ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. வேதாந்தத்தில் அறத்திற்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டிற்கு அவர் கூறிய மறுப்பே அது. தம் ஆசிரியர் மனம் வருந்துவரோ என அவர் அஞ்சினார். அவ்வாசிரியர் ஏ. ஜி. ஹாக் என்னும் ஸ்காத்லாந்து மிஷனெரி. அவர் அவ்வுரையை முழுதும் படித்தார்; மாணவர் தத்துவச் சிக்கலை நன்குணர்ந்துள்ளார் எனப் பாராட்டி நற்சான்றும் அளித்தார். தம் தரப்பிற்கு மாறாக எழுதப்பட்டதை அவர் பொறுமையுடன் செவிமடுத்தார்.

அம்மாணவர் கிறிஸ்தவராகவில்லை. ஆக்ஸ்போர்டில் பேராசிரியரானார், 1962 முதல் 1967 வரை இந்தியாவின் குடியரசுத் தலைவராகவும் விளங்கினார், இறுதிவரை இந்துவாகவே வாழ்ந்தார். அங்ஙனமாயின் ஹாக்கின் ஊழியம் வீணாயிற்றோ? ஆகவில்லை என்பேன். இருபது வயதுடைய அம்மாணவர் இருவகைக் கிறிஸ்தவரைக் கண்டார். ஒருவகையார் அவர் சமயத்தை அறியாமலே இகழ்ந்தனர். மற்றவர் அவர் எழுதியதைப் படித்து, அவரை மதித்தார். இவ்விருவருள் எவர் கிறிஸ்துவை அறிவித்தார்? அன்பர்களே, விடை உங்கள் உள்ளத்திலேயே எழுகின்றதன்றோ?

இது புதுமைக் கொள்கை என்று சிலர் கூறக்கூடும். புதுமையன்று. 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, திண்ணைப்பள்ளிச் சிறுவரோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். தமிழ்ச் சுவடிகளைத் தேடித் தொகுத்தார். தமிழர் பலருக்கு வினாக்கள் விடுத்து, அவர்கள் வரைந்த விடைகளை மொழிபெயர்த்து ஜெர்மனிக்கு அனுப்பினார். தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713ஆம் ஆண்டு ஒரு பெருநூல் எழுதினார். மிஷனெரியின் வேலை இதுவன்று எனக் கருதி அங்குள்ளார் அதனை அச்சிடவில்லை. 1867ஆம் ஆண்டிலேதான் அது சென்னையில் வெளிவந்தது. செவியின் ஊழியம் நூற்றைம்பது ஆண்டு பெட்டியிற் கிடந்தது! நாவின் ஊழியத்தை எவரேனும் அத்துணைக் காலம் காத்திருக்கச் செய்வரோ?

இங்கே ஒரு தடை எழும். "கேட்டுக்கொண்டேயிருந்தால் சொல்வது எப்பொழுது? நாம் அனுப்பப்பட்டது அறிவிப்பதற்கன்றோ?" என்பர். எங்கள் சபைப் பெரியார் ஒருவர் இதனையே கடுமையாகக் கேட்டார். யான் முருகனைப் பற்றிய நூல்களைப் படிப்பதை அறிந்து, "இவன் நாளைக்குப் பிரசங்க பீடம் ஏறத் தகுமா?" என்று என் தந்தையாரிடமே வினவினார். அச்சொல் என்னைச் சுட்டது. சிறப்புத் தேர்விற்குப் பின் வேதசாஸ்திரக் கல்லூரி புக வேண்டும் என்னும் விருப்பம் எனக்குண்டு. அதனால் அவ்வினாவை எளிதில் தள்ளிவிட இயலவில்லை.

தடையில் உண்மை உண்டு. எதனையும் சொல்லாமல் கேட்பது மட்டுமே ஊழியமாயின், அது அன்பின் வேடம் பூண்ட அச்சமாகவும் இருக்கலாம். ஆயினும் ஹாக் தம் விசுவாசத்தை மறைத்தாரல்லர். 1938ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் தாம்பரத்திற் கூடிய உலக மிஷனெரி மாநாட்டையொட்டி, டச்சு அறிஞர் கிரேமருக்கும் அவருக்கும் கருத்து மாறுபாடு நிகழ்ந்தது. கிறிஸ்துவிலான வெளிப்பாட்டிற்கும் மற்றைச் சமயங்களுக்கும் இடையேயுள்ள பிளவையே கிரேமர் வற்புறுத்தினார். சமயம் வேறு, அச்சமயத்தவர் உள்ளத்தே உயிரோடிருக்கும் விசுவாசம் வேறு. பின்னதை வணக்கத்தோடு அணுக வேண்டும் என்பது ஹாக்கின் கருத்து. இருவரும் கிறிஸ்துவையே அறிவிக்க விரும்பினர். ஆனால் திண்ணையில் அமர்ந்த என் பெரிய தந்தையார் ஹாக்கை ஒருகாலும் படித்தவரல்லர். அவர் அவ்வுண்மையை அப்பூக்காரியம்மையின் முகத்தில் கண்டுகொண்டார்.

நம் ஆண்டவர் செய்தது யாது? பன்னிரண்டு வயதில் எருசலேம் தேவாலயத்திலே போதகர் நடுவில் அவர் காணப்பட்டபோது, அவர்களைச் செவிகொடுத்துக் கேட்பவராகவும் வினாவுபவராகவுமே இருந்தார் என லூக்கா வரைகின்றார். சமாரியப் பெண்ணிடம் முதலிற் கேட்டது தண்ணீர். எம்மாவூர் வழியில், உயிர்த்தெழுந்த செய்தியை உடனே உரைக்கவல்ல ஒருவர், வழிநடந்த இருவரின் துயரை முதலிற் கேட்டறிந்தார். அதன் பின்னரே வேதவாக்கியங்களை விளக்கினார். அவர் சொல்லாமல் விடவில்லை, கேளாமற் சொல்லவில்லை. யாக்கோபின் நிருபமும் முதலதிகாரத்திலேயே செவிக்கு விரைவையும் நாவிற்குத் தாமதத்தையும் விதிக்கின்றது. நம் திருவள்ளுவரும் கேள்விக்கென ஓர் அதிகாரம் வகுத்து, கல்வி, கல்லாமை என்பவற்றையடுத்து 42ஆம் அதிகாரமாக வைத்தார். கற்றவனுக்கும் கல்லாதவனுக்கும் அது வேண்டும் என்பதே அம்முறைவைப்பின் கருத்துப் போலும்.

ஆகலின், வேதசாஸ்திரக் கல்லூரிகளிற் பிரசங்கக் கலையைக் கற்பிப்பது போலவே, கேட்குங் கலையையும் கற்பித்தல் வேண்டும் என்பேன். ஊழியத்திற்கு ஆயத்தமாவோர், தாம் பணிபுரியும் ஊரின் தலபுராணத்தையும் திருவிழாவையும், அங்குள்ளார் துயரையும் அவ்வூரார் வாய்மொழியாகவே கேட்டறிந்த பின்னரே பீடம் ஏறுதல் நன்று. சபைப் பெரியாருக்கு யான் தரும் விடையும் இதுவே: காவடியேந்தியவரின் உள்ளத்தை அறியாத நாவு, பீடத்தின்மேல் எவ்வளவு உயரத்தில் நின்றாலும், படியின் அடியில் நிற்பவருக்குக் கேளாது.

அம்முதியவரின் பெயரையேனும் அன்று யான் கேட்டிலேன். வண்டி நின்றதும் காவடியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "நன்றாகப் படியுங்கள், தம்பி" என்று வாழ்த்திச் சென்றார். அவர் வாழ்த்தியதைப் பற்றிப் பெரிய தந்தையாரிடம் கூறியபோது, அவர் தம் குறிப்பேட்டை என்னிடம் நீட்டி, "இன்று கேட்டவை என்று எழுதி, அதன் கீழ் இதை முதலாவதாக எழுது" என்றார். எழுதினேன். என் ஊழியம் அன்றுதான் தொடங்கிற்று என நம்புகின்றேன்.