ஒரு கணினியுள் பல கணினிகள்

ஒரு பெரிய வீட்டில் பல குடித்தனங்கள் வாழ்வதுண்டு. அறையும் அடுப்பும் தனித்தனியே அமைந்திருக்கும். கூரையும் கிணறும் அனைவர்க்கும் பொதுவாகும். ஒரு குடித்தனத்தின் அடுப்பு அணைந்தால் பிறர் சமையல் நிற்பதில்லை. கிணறு வற்றினாலோ அனைவரும் ஒருங்கே வருந்துவர். மெய்நிகர் கணினிகளின் இயல்பும் இத்தகையதே.

மெய்நிகர் கணினி என்பது யாது? ஒரு கணினியின் செயலி, நினைவகம், வன்தட்டு ஆகியவற்றைப் பங்கிட்டு, ஒவ்வொரு பங்கையும் தனிக் கணினி போலவே இயங்கச் செய்வதாகும். இவ்வாறு பங்கிட்டு மேற்பார்க்கும் மென்பொருளை ஹைப்பர்வைசர் என்பர். இம்முறை இன்று நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்க நாட்டுக் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். நிறுவனத்தார் 1960களிலேயே ஒரு பெருங்கணினியை 14 கணினிகள் போல இயக்கிக் காட்டினர். 2005, 2006 ஆம் ஆண்டுகளில் இன்டெல், ஏ.எம்.டி. ஆகிய நிறுவனங்கள் இதற்குத் துணைபுரியும் அமைப்பைத் தம் செயலிகளிலேயே சேர்த்தன. 2007 ஆம் ஆண்டில் கே.வி.எம். என்னும் மென்பொருள் லினக்ஸ் இயக்க அமைப்பின் உட்கருவில் இடம்பெற்றது. அதனால், பெருநிறுவனங்களுக்கே உரியதாய் இருந்த வசதி எளிய இல்லத்தார்க்கும் கிட்டுவதாயிற்று.

இன்று பலர் தம் இல்லத்தில் ஒரு கணினியைச் சேவையகமாக வைத்துள்ளனர். இடையறாது இயங்கி, வீட்டிலுள்ள பிற கருவிகள் வேண்டும் கோப்புகளை வழங்குவது சேவையகத்தின் பணி. அதனுள் ஒரு மெய்நிகர் கணினி குடும்பத்தின் ஒளிப்படங்களைக் காக்கும். மற்றொன்று வரவு செலவுக் கணக்கைப் பேணும். பிறிதொன்று பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகுவதற்குப் பயன்படும். பழகும் பிள்ளை பிழை செய்து தன் கணினியைக் கெடுத்துக்கொண்டாலும், ஒளிப்படங்களுக்கு ஊறு நேர்வதில்லை. அஞ்சாது முயன்று கற்பதற்கு இதனினும் நல்ல களம் அரிது.

இது வீண் செலவு என்று கூறுவாரும் உளர். அவர் கூற்றை முற்றும் தள்ளுதல் கூடாது. 30 வாட் மின்சாரம் கொள்ளும் கணினி இரவும் பகலும் இயங்கினால், மாதத்திற்கு ஏறத்தாழ 22 யூனிட் செலவாகும். பங்கீட்டிலும் அளவறிதல் வேண்டும். 16 ஜிகாபைட் நினைவகத்தை நான்கு மெய்நிகர் கணினிகளுக்கு நான்கு நான்காக முழுதும் ஈந்துவிட்டால், அவற்றைத் தாங்கும் தலைமைக் கணினிக்கு எஞ்சுவது யாதும் இல்லை. எனினும், தேவையறிந்து பங்கிடுவோர்க்கு நான்கு பெட்டிகளின் வேலையை ஒரு பெட்டியே செய்துவிடும். ஆதலின் செலவு குறித்த தடை பெரிதன்று.

அஞ்சத்தக்கது வேறொன்று. அறைகள் பலவாயினும் கூரை ஒன்றே என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். புதிய மென்பொருளை நிறுவும் முன், அன்றைய நிலையை அப்படியே பதிந்து வைக்கும் வசதி மெய்நிகர் கணினியில் உண்டு. அதனை ஸ்நாப்ஷாட் என்பர். முயற்சி தவறினால் முன்னிருந்த நிலைக்கு மீளலாம். இவ்வசதியையே முழுக் காவலாக எண்ணுதல் பேதைமை. அப்பதிவு பெரும்பாலும் அதே வன்தட்டில்தான் இருக்கிறது. வன்தட்டுப் பழுதுபடுமாயின் ஒளிப்படமும் போம், கணக்கும் போம், மீட்பதற்கென்று வைத்த பதிவும் உடன் போம்.

பெருநிறுவனங்களும் இவ்விதிக்கு விலக்கல்ல. 2021 ஆம் ஆண்டு மார்ச்சு 10 ஆம் நாள் பிரான்சு நாட்டின் ஸ்திராஸ்பூர்க் நகரில் ஒரு பெரிய தரவு மையம் தீப்பற்றியது. அங்கிருந்த கட்டடங்களுள் ஒன்று முற்றும் அழிந்தது. மூலத்தையும் படியையும் அவ்விடத்திலேயே வைத்திருந்தோர் சிலர் இரண்டையும் ஒருங்கே இழந்தனர்.

இதற்கு மாற்று மெய்நிகர் கணினியின் அமைப்பிலேயே அமைந்து கிடக்கிறது. மெய்நிகர் கணினி முழுவதும் சில கோப்புகளாகவே உள்ளது. ஆகவே அதனைப் படியெடுத்து, வேறொரு வன்தட்டில் வைத்து, வேறோர் ஊரிலும் காக்கலாம். மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேற்றிடத்தில் என்பது அறிந்தோர் வகுத்த முறை. எடுத்த படியை அவ்வப்போது இணையத் தொடர்பின்றி இயக்கிப் பார்ப்பதும் எளிது. இயக்கிப் பாராத படியை நம்புதல், முளைக்குமா என்று பாராத விதைநெல்லை நம்பி வயலை உழுவது போலாம்.

நம் முன்னோர் நூல்களை ஓலையில் எழுதிக் காத்தனர். பல ஊர்களில் படியெடுக்கப்பெற்ற நூல்கள், ஓரிடத்து ஏடு செல்லரித்த போதும், மற்றோரிடத்து ஏட்டால் பிழைத்தன. ஒரே ஏட்டில் இருந்தவை அவ்வேட்டோடு மறைந்தன. ஓலைக்கு நேர்ந்தது வன்தட்டுக்கும் நேரும்.

ஒன்றைப் பலவாகப் பகுக்கும் வித்தையைக் கற்போர், பகுத்தவற்றைப் பல இடத்தில் காக்கும் கடமையையும் உடன் கற்றல் வேண்டும். அக்கடமையை ஏற்க விரும்பாதார் இல்லத்தில் சேவையகம் அமையாதிருத்தலே நன்று. ஏற்பார்க்கு அஃது அறிவும் பயனும் ஒருங்கே நல்கும்.