பூட்டுச் சின்னமும் இரத்தான சான்றிதழும்



ஒக்லாந்தின் பாட்டனி டவுன்ஸ் பகுதியில் வசிக்கும் நான் தொழிலால் கணினிப் பொறியியலாளன். சென்ற ஆண்டு தமிழ் அமைப்பொன்றின் இணையத்தளத்தைப் பொறுப்பேற்கும்படி கேட்கப்பட்டேன். உறுப்பினர்களின் முகவரிகள், பிள்ளைகளின் தமிழ் வகுப்பு விபரங்கள் யாவும் அத்தளத்தின் வழங்கியில் (அதாவது சர்வரில்) இருந்தன. அவ்வழங்கியின் இரகசியச் சாவியோ மூன்று தொண்டர்களின் மடிக்கணினிகளில் பிரதியாகக் கிடந்தது. அவற்றுள் ஒன்று ஏற்கெனவே விற்கப்பட்டு விட்டது. அச்சாவியைக் கைப்பற்றி, வலையமைப்பின் இடையிலும் நிற்க முடிந்த எவரும் எமது தளமாக நடிக்கலாம்.

"சான்றிதழை இரத்துச் செய்து விட்டால் சரிதானே, தம்பி?" என்று செயற்குழுவின் மூத்தவர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால், இரத்துச் செய்தல் என்பது நாம் நினைக்கும் அளவுக்கு வேலை செய்வதில்லை.

2014 ஜூலை 2 இல், கூகிளின் தளப் பெயர்களுக்கு அனுமதியற்ற சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருந்தமை தெரிய வந்தது. அவற்றை வழங்கியது இந்திய அரசின் தேசிய தகவலியல் மையம். மறுநாளே இந்தியக் கட்டுப்பாட்டு அதிகாரம் அம்மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களை இரத்துச் செய்தது. தவறாக வழங்கப்பட்டவை நான்கே என்றது. நான்குக்கும் மேல் உண்டு என்றது கூகிள். இரத்துப் பட்டியலை மட்டும் நம்பி எவரும் இருக்கவில்லை. கூகிள் தன் குரோம் உலாவியில் இந்திய அதிகாரத்தை gov.in, nic.in உட்பட ஏழு தளப் பெயர்களுக்குள் மட்டுப்படுத்தியது. மைக்ரோசொப்ட் விண்டோஸின் நம்பிக்கைப் பட்டியலையே திருத்தி அனுப்பியது. எமது சிறிய சங்கத்துக்காக யார் அப்படிச் செய்வார்கள்?

காரணம் எளியது. சான்றிதழ் இன்னும் செல்லுமா என்று உலாவி, அதனை வழங்கியவரிடம் ஓசிஎஸ்பி என்ற முறையில் கேட்கலாம். பதில் வராவிட்டால்? பெரும்பாலான உலாவிகள் பேசாமல் அனுமதித்து விடும். தொலைபேசி எடுக்கப்படாததால் "போகலாம்" என்று அனுப்பும் வாயிற்காவலர் போல. இடையில் நிற்கும் திருடன் அந்தத் தொலைபேசிக் கம்பியை அறுக்க மாட்டானா?

இன்னொன்று எம்மவர்க்கு இன்னும் முக்கியமானது. அக்கேள்வி வழக்கமாக மறைகுறியாக்கம் இன்றியே சென்றது. எந்த வீட்டிலிருந்து எந்தத் தளம் பார்க்கப்படுகிறது என்பதை இடையில் உள்ளவர்களும் அறியலாம். இந்த அந்தரங்கக் காரணத்தையும் சுட்டியே லெட்ஸ் என்கிரிப்ட் நிறுவனம் 2025 ஓகஸ்ட் 6 இல் அச்சேவையை நிறுத்தியது. பயர்பாக்ஸ் இப்போது இரத்துப் பட்டியலைச் சுருக்கித் தானே இறக்கி வைத்துக்கொண்டு, எவரையும் கேளாமல் பார்க்கிறது. நல்ல வழி, ஆனால் எல்லா உலாவிகளும் அப்படியல்ல.

ஆகவே எனது கருத்து இது: இரத்தை நம்பாதீர்கள், சான்றிதழின் ஆயுளைக் குறையுங்கள். உலக விதியும் அப்பக்கமே செல்கிறது. முன்னர் 398 நாட்களாக இருந்த உச்ச ஆயுள், 2026 மார்ச் 15 முதல் 200, 2027 மார்ச்சில் 100, 2029 மார்ச்சில் 47 நாட்கள் என வகுக்கப்பட்டுள்ளது. இதனைக் கையால் புதுப்பிக்க இயலாது. செர்ட்பொட் போன்ற இலவச மென்பொருள் தானாகச் செய்யும். கணினி படிக்கும் பிள்ளைகள் அதனை ஒரு மாலையில் நிறுவி விடுவார்கள்; பெற்றோர் அவர்களிடம் கேட்கத் தயங்க வேண்டாம். சாவி வழங்கியை விட்டு வெளியே போகக் கூடாது. தொண்டர் ஒருவர் விலகினால் புதிய சாவி வேண்டும். 2014 இல் ஹார்ட்பிளீட் ஓட்டையின் பின், பழைய சாவிக்கே புதிய சான்றிதழ் பெற்றவர்களும் இருந்தார்கள்!

நாம் அன்றிரவே புதிய சாவி உருவாக்கினோம், பழைய சான்றிதழை இரத்துச் செய்யவும் விண்ணப்பித்தோம். ஆனால் அந்தப் பழைய சான்றிதழில் எழுதப்பட்டிருந்த ஆயுள் முடிய இன்னும் ஏழு மாதங்கள் இருந்தன.