சுளுக்குக்கு ஒற்றைக்கால் தவம்

மாணவர்களே! மாமல்லபுரத்து அருச்சுனன் தபசுப் பாறையில் ஒற்றைக்காலில் நிற்கும் தவசியைக் கண்டிருப்பீர்கள். கணுக்கால் சுளுக்கியவர்களுக்கும் அத்தவம் தேவை என்பேன்.

செங்கல்பட்டுப் பக்கம் சுளுக்கென்றால் எண்ணெய் தடவி உருவுவோர் உண்டு. ஆனால் சுளுக்கில் விலகிய எலும்பு எதுவுமில்லை. எலும்புகளைப் பிணைக்கும் தசைநார்களே இழுபட்டுக் கிழிகின்றன. உடனே உருவினால் வீக்கம் கூடும். குளிர்ந்த ஒத்தடமும், கட்டும், காலை உயர்த்தி வைத்தலுமே முதலுதவி. நான்கடி நடக்க இயலாவிடில் மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுப்பது அவசியம்.

வலி நின்றதும் பந்தாட ஓடாதீர்கள்! மூட்டின் நிலையை மூளைக்குத் தெரிவிக்கும் நரம்பு முனைகள் தசைநார்களிலும் உள்ளன. அவை பழுதுற்றால், உடலின் ஈர்ப்பு மையம் பாதத்திற்கு நேர்மேலிருந்து விலகுவதைக் கால் தாமதமாகவே உணரும், மீண்டும் சுளுக்கும். ஆகவே சுவரருகே தினமும் ஒற்றைக்காலில் நின்று பழகுங்கள். தள்ளாடாமல் நிற்க முடிந்த பிறகே மாமல்லபுரத்து மணலில் ஓடலாம்.