எடைக்குப் போன வால்வுகள்

வணிகர் சங்க இதழில் வால்வு ஆம்ப்ளிபயரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது, மளிகைக் கடைக்காரனுக்கும் ரேடியோ வால்வுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் கேட்கலாம். எனக்குச் சம்பந்தம் இருந்தது. அதில் 140 ரூபாய் வரவு. அதைப்போல் பல மடங்கு நஷ்டம்.

உப்பளத்தில் எங்கள் கடைக்குப் பின்னால் உள்ள கிடங்கின் ஓர் ஓரத்தை, ரேடியோ ரிப்பேர் செய்துவந்த பெரியவர் ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். அவர் காலமான பிறகு பிள்ளைகள் சாமான்களை எடுத்துப் போக வரவில்லை. "நீங்களே பார்த்து ஏதாவது செய்துகொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு மரப்பெட்டி. உள்ளே அட்டை டப்பாக்களில் வால்வுகள், டிரான்ஸ்பார்மர்கள். பல டப்பாக்கள் பெங்களூர் பெல் நிறுவனத்துடையவை. சிலவற்றில் பிரெஞ்சு எழுத்து. 2003 பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டேன். அவர் டிரான்ஸ்பார்மர்களை மட்டும் தராசில் வைத்து 140 ரூபாய் எண்ணிக் கொடுத்தார். கண்ணாடி எடைக்கு ஆகாது என்றார். வால்வுகளை நானே குப்பைத் தொட்டியில் கொட்டினேன். உடையும் சத்தம் கேட்டது. கணக்கு முடிந்தது என்று கையைத் தட்டிவிட்டு வந்தேன்.

சென்ற ஆண்டு ஓர் இளைஞர் கடைக்கு வந்தார். "ஐயா, இங்கே ரேடியோ ரிப்பேர்க்காரர் ஒருத்தர் இருந்தாராமே, அவர் சாமான் ஏதாவது மிச்சம் இருக்கா?"

"எதுக்கு தம்பி?"

"வால்வு ஆம்ப்ளிபயர் கட்டுறேங்க. இ.எல். 84 ரெண்டு வேணும்."

நடந்ததைச் சொன்னேன். பையன் சற்று நேரம் பேசவில்லை. பிறகுதான் விலையைச் சொன்னார். வெளிநாட்டில் இன்று புதிதாகச் செய்யும் அதே வால்வு ஒன்று, நம் கைக்கு வரும்போது ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிவிடுகிறதாம். பயன்படுத்தாத பழைய சரக்குக்குத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். நான் கொட்டிய பெட்டியில் எத்தனை இருந்தன என்று இப்போது யோசித்துப் பயனில்லை.

அந்தத் தம்பியிடம் பழகியதில் நான் தெரிந்துகொண்டது நம் எல்லோருக்கும் உபயோகமானது. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் வந்தது. அதோடு வால்வு செத்தது என்றுதான் நாம் நினைத்திருந்தோம். ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவில் சரட்டோவ் நகரிலும் சீனாவிலும் இன்னும் வால்வு செய்கிறார்கள். கிடார் வாசிக்கிறவர்களும் பாட்டுப் பிரியர்களும் வாங்குகிறார்கள். 2022 மார்ச்சில், உக்ரைன் போரை அடுத்து ரஷ்யா பல பொருட்களின் ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது, உலகமெங்கும் வால்வு வியாபாரிகள் பதறிப் போனார்கள். பின்னர் வரத்து மீண்டது. ஏறிய விலைதான் இறங்கவில்லை. வெங்காயம் விற்கும் நமக்கு இது புதிய பாடமா என்ன?

வால்வின் ஓசை உசத்தியா என்று கேட்டால், என் காதுக்கு அவ்வளவு ஞானம் இல்லை. கணக்குப் பார்த்தால் நஷ்ட வியாபாரம்தான். இ.எல். 84 ஒன்று சுமார் 17 வாட் மின்சாரம் தின்று 5 வாட் ஓசை தருகிறது. மீதி எல்லாம் சூடு. ஆனால் டிரான்சிஸ்டரும் ஐ.சி.யும் உள்ளே என்ன செய்கின்றன என்று பார்க்க முடியாது. இதில் ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும், மாற்றிப் பார்க்கலாம். தம்பி ஆம்ப்ளிபயரைக் கட்டுவதைவிட மாற்றிக் கட்டுவதில்தான் அதிக நாள் செலவிட்டார்.

அவர் பட்ட பாட்டில் பாதி அவுட்புட் டிரான்ஸ்பார்மரில். வால்வு அதிக வோல்ட்டில் கொஞ்சம் கரண்ட் தரும். ஸ்பீக்கருக்கு வேண்டியது குறைந்த வோல்ட்டில் நிறைய கரண்ட். இரண்டையும் பொருத்துவது இதன் வேலை. 5,000 ஓமை 8 ஓமுக்குக் கொண்டுவர, ஒரு பக்கம் 25 சுற்றுக்கு மறுபக்கம் 1 சுற்று. தகடுகளை அடுக்கும்போது நடுவில் ஒரு சிறு தாள் துண்டு வைத்து இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் வால்வின் நேர் மின்சாரத்தில் இரும்பு திணறிவிடும். முதலில் சுற்றியதில் பாட்டின் ஜால்ரா ஓசை மங்கியிருந்தது. பிரித்து, இரண்டு கம்பிச் சுற்றுகளையும் மாற்றி மாற்றி அடுக்காகச் சுற்றினார். ஜால்ரா தெளிந்தது. அப்புறம் 'உம்' என்ற இரைச்சல். மெயின் டிரான்ஸ்பார்மரைக் கால் வட்டம் திருப்பி வைத்ததும் பாதி போயிற்று. இழைக்குப் போகும் ஒயர்களை முறுக்கிவிட்டதும் மீதியும் அடங்கியது.

இனி வியாபாரத்துக்கு வருகிறேன். இந்த ஓர் ஆம்ப்ளிபயருக்காகத் தம்பி எத்தனை கடை ஏறினார் தெரியுமா? பாத்திரக் கடையில் கேக் சுடும் அலுமினியத் தட்டு ஒன்று. அதைக் கவிழ்த்து அதன் மேல்தான் வால்வுகளை நிறுத்தியிருக்கிறார். மோட்டார் காயில் கட்டும் கடையில் எனாமல் செம்புக் கம்பி. ஹார்டுவேரில் திருகாணி, எலெக்ட்ரிக்கல் கடையில் ஒயரும் சுவிட்சும் பியூஸும், தச்சரிடம் மரப்பெட்டி, ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பழைய ஸ்பீக்கர், சென்னை ரிச்சி தெருவில் கண்டென்சர்கள். என் கடையில்கூட ஒரு பாட்டில் வினிகர் வாங்கினார். நம் கடற்காற்றில் பச்சை பிடித்த பித்தளைத் திருகாணிகளை உப்பும் வினிகரும் போட்டுத் தேய்த்துக் கழுவ. அவரே ஒரு ரெடிமேட் ஸ்பீக்கரை ஆன்லைனில் வாங்கியிருந்தால் இந்தத் தெருக்களில் ஒரு பைசா இறங்கியிருக்காது.

அப்படிப்பட்ட வாடிக்கையாளரை நாம் எப்படி நடத்துகிறோம்? "ஒண்ணு ரெண்டெல்லாம் கொடுக்கிறதில்லே, பாக்கெட்டா எடு" என்று ஒரு கடையில். "இதெல்லாம் எவன் கேட்கிறான்" என்று இன்னொரு கடையில், தலையைத் தூக்காமலே. கால் கிலோ கம்பிக்காக மூன்று நாள் அலைந்திருக்கிறார். ஐம்பது கிராம் சீரகத்தைப் பொட்டலம் கட்டித்தான் நம் கடைகள் வளர்ந்தன என்பதை எப்போது மறந்தோம்?

இங்கிலாந்தின் முல்லார்ட் கம்பெனி 1954ல் செய்ததைப் பாருங்கள். ஐந்து வால்வு, பத்து வாட் என்ற பொருளில் 'ஐந்து-பத்து' என்று பெயரிட்டு, ஓர் ஆம்ப்ளிபயரின் முழு வரைபடத்தையும் யார் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும் என்று வெளியிட்டது. அந்தப் பத்து வாட்டைத் தந்தது இதே இ.எல். 84 ஜோடிதான். 1959ல் இத்தகைய வரைபடங்களைப் புத்தகமாகவே போட்டது. தர்மத்துக்காகச் செய்யவில்லை, கட்டுகிறவன் வால்வு வாங்குவான் என்ற கணக்கு. பெங்களூரில் பெல் நிறுவனம் வால்வு தயாரிக்கத் தொடங்கியது 1961ல். அந்தக் காலத்து ரேடியோக்கடைக்காரர்கள் பையன்களை உட்காரவைத்து வரைபடம் விளக்கியதற்கும் இதே கணக்குதான் காரணம்.

இரண்டு விஷயத்தில் விற்கிறவர் பொறுப்பு உண்டு. பயன்படுத்திய வால்வைத் துடைத்துப் புது டப்பாவில் போட்டு, எழுத்தை மாற்றி விற்பது உலகமெங்கும் நடக்கும் மோசடி. மிளகில் பப்பாளி விதை கலப்பதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. டெஸ்ட் செய்யவில்லை என்றால் செய்யவில்லை என்று சொல்லி விலையைக் குறைத்துக் கொடுக்கலாம். கட்டுகிறவர் தெரிந்தே வாங்குவார். மற்றது உயிர் சம்பந்தமானது. இந்த ஆம்ப்ளிபயருக்குள் 250, 300 வோல்ட் ஓடுகிறது. சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கிய பின்பும் கண்டென்சரில் அது தங்கியிருக்கும். அது தானாக வடிய ஒரு ரெசிஸ்டர் போட வேண்டும். போட்டாலும் மீட்டர் வைத்துப் பார்க்காமல் கையை விடக்கூடாது. பழைய ரேடியோவின் கண்டென்சரை அப்படியே எடுத்துப் போடுவதும் ஆபத்து. சாமானைக் கொடுக்கும்போது இதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகாது. சின்னப் பையன் தனியாக வந்தால், வீட்டுப் பெரியவரை அழைத்து வரச் சொல்லுங்கள். அந்த ஒரு விற்பனை போனால் போகட்டும்.

தம்பிக்கு அந்த இரண்டு வால்வும் கடைசியில் கிடைத்தன, ஊரிலேயே ஒரு சொல்தா வீட்டு மாடியில், பழைய ரேடியோ சாமான்களுக்கு நடுவில். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெட்டியை என் கடைக்கே கொண்டுவந்து வைத்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் பாட்டு ஓடியது. சிவப்பாக எரிந்த அந்தக் கண்ணாடிகளைப் பார்க்க, சர்க்கரை வாங்க வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். எனக்குக் குப்பைத் தொட்டிதான் ஞாபகம் வந்தது.

ரேடியோ, மைக் செட், எலெக்ட்ரிக்கல் தொழிலில் இருந்த குடும்பங்கள் நம் சங்கத்தில் உண்டு. பரணிலோ கிடங்கிலோ அப்படிப் பெட்டி ஏதும் இருந்தால், எடைக்குப் போடுமுன் வால்வின் மேல் உள்ள எண், எத்தனை, டெஸ்ட் செய்ததா இல்லையா என்று ஒரு சீட்டில் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். கேட்டு வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு நோட்டுப் போட்டு வைக்கும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். தம்பி அடுத்ததாக இ.சி.சி. 83 நான்கு தேடிக்கொண்டிருக்கிறார்.