ரி.வி. ஆஸ்பத்திரியும் நிஜ ஆஸ்பத்திரியும்

"பன்னிரண்டு மணித்தியாலம் ஆஸ்பத்திரியில் நின்றுவிட்டு வந்து, வீட்டிலும் ஆஸ்பத்திரி நாடகமா பார்க்கிறீங்கள் அக்கா?" என்று வாலிபர் கூட்டத்தில் கேட்கிறார்கள். ஓம், பார்க்கிறேன். சமையல் தெரிந்தவர் அடுத்த வீட்டுக் குழம்பை ருசி பார்ப்பது போலத்தான். உப்புக் கூடியதா குறைந்ததா என்று முதல் வாயிலேயே தெரிந்துவிடும்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போது ஓடும் ஆஸ்பத்திரி நாடகங்களில் 'த பிட்'தான் முதலிடம். 2025 ஜனவரியில் தொடங்கியது. பிற்ஸ்பேர்க் நகரத்து அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரே ஒரு நாள். ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு பகுதி என்று முதல் பருவத்தில் 15 பகுதிகள். முன்பு 'ஈ.ஆர்.' நாடகத்தில் இளம் டொக்டர் கார்ட்டராக வந்த நோவா வைலி, இதில் நரை விழுந்த தாடியோடு மூத்த டொக்டர் ரொபியாக வருகிறார். அந்த ஆண்டே சிறந்த நாடகத்துக்கான எமி விருதும் கிடைத்தது.

விருதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது அதில் வரும் காத்திருப்பு அறை. மற்ற நாடகங்களில் நோயாளி வாசலில் விழுந்ததும் எட்டு டொக்டர்மார் ஓடி வருவார்கள். இங்கே கதிரைகள் நிரம்பி வழிகின்றன. மேல்மாடியில் கட்டில் இல்லாததால் வார்ட்டுக்குப் போகவேண்டியவர்கள் அவசரப் பிரிவிலேயே கிடக்கிறார்கள். ரொறன்ரோவில் அவசரப் பிரிவில் ஓர் இரவைக் கழித்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

தாதியரையும் சொல்லவேண்டும். 'கிரேஸ் அனற்றமி' 2005 முதல் ஓடுகிறது. அதில் சேலைன் ஏற்றுவதும் டொக்டர், கட்டில் தள்ளுவதும் டொக்டர், நோயாளியின் பக்கத்தில் இராமுழுக்க இருப்பதும் டொக்டர். மிஞ்சிய நேரத்தில் காதல். 'த பிட்'டிலோ பொறுப்புத் தாதி டேனா இல்லாமல் அந்தப் பிரிவு அரை மணித்தியாலம்கூட ஓடாது. மணிக்கணக்காகக் காத்திருந்து கோபமேறிய ஒரு நோயாளி அவள் முகத்தில் குத்துகிற பகுதியை எங்கள் தொழிலில் உள்ளவர்கள் சும்மா பார்த்திருக்க மாட்டார்கள். டேனாவாக நடித்த கத்தரின் லனாசாவுக்கும் எமி கிடைத்தது. நியாயமான விருது.

ஆனால் நான் இதை எழுத வந்தது வேறு ஒரு விஷயத்துக்காக. நாடகங்களில் வரும் சி.பி.ஆர். பற்றி 1996இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 'ஈ.ஆர்.' உட்பட அன்றைய மூன்று தொடர்களைப் பார்த்துக் கணக்கெடுத்தார்கள். நெஞ்சை அமுக்கி உயிர்ப்பிக்கப்பட்டவர்களில் 75 சதவீதமானோர் திரையில் அந்த நேரத்தில் பிழைத்துக்கொண்டார்கள். நிஜத்தில், ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்றவர்களில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவர்தான் உயிரோடு வீடு திரும்புகிறார். வயது போய், நோயில் மெலிந்தவர்களுக்கு அதுவும் அரிது. விலா எலும்புகள் முறியும். (இதற்காக சி.பி.ஆர். படிக்காமல் விடாதீர்கள். ஆலய மண்டபத்தில் ஒரு மாமா திடீரென்று விழுந்தால், அம்புலன்ஸ் வரும்வரை உங்கள் இரண்டு கைகள்தான் அவருக்கு இருக்கிற வாய்ப்பு.)

எங்கள் குடும்பங்களில் இது எங்கே வந்து இடிக்கிறது தெரியுமா? 88 வயது அம்மம்மா, மறதி நோய், இப்போது நியூமோனியா. இதயம் நின்றால் என்ன செய்யவேண்டும் என்று டொக்டர் கேட்கிறார். "எல்லாம் செய்யுங்கோ" என்கிறார்கள் பிள்ளைகள். அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் மனதில் ஓடுவது ரி.வி. காட்சி: நாலு தரம் அமுக்க, அம்மம்மா கண் திறந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவா. வேண்டாம் என்றால் விசுவாசக் குறைவு என்று சபையார் கதைப்பார்களோ என்ற பயமும் சிலருக்கு உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கர்த்தரை நம்புவதற்கு ஒரு முதியவரின் விலா எலும்பை முறிக்கவேண்டிய அவசியமில்லை.

'த பிட்'டின் முதல் சில பகுதிகளில் இதே கதை வருகிறது. சுவாசக் குழாய் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைத்த ஒரு முதியவர். மகனும் மகளும் விடமாட்டோம் என்று குழாய் போடச் செய்கிறார்கள். பிறகு அவர் படும் பாட்டைப் பார்த்து, எடுக்கச் சம்மதிக்கிறார்கள். அன்பு, நன்றி, மன்னிப்புக் கொடுப்பது, மன்னிப்புக் கேட்பது, இந்த நாலையும் தகப்பனிடம் சொல்லிவிடும்படி டொக்டர் ரொபி அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். அவசரமே இல்லாமல் எடுத்திருக்கிறார்கள். ஒன்ராறியோச் சட்டமும் இதைத்தான் சொல்கிறது: நோயாளி தெளிவாக இருந்தபோது சொன்ன விருப்பம் தெரிந்திருந்தால், முடிவெடுக்கிற குடும்பத்தார் அதையே பின்பற்றவேண்டும். தங்கள் விருப்பத்தை அல்ல.

தம்பி தங்கையரே, கட்டிலருகே நின்று டொக்டரின் ஆங்கிலத்தை அம்மா அப்பாவுக்குத் தமிழில் சொல்வது நீங்கள்தான். பதினேழு வயதில் அந்தப் பாரம் உங்கள் தலையில் விழுகிறது. அதனால், அப்பப்பா சுகமாக இருக்கும்போதே, தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில், அவருக்கு என்ன விருப்பம் என்று கேட்டு வையுங்கள். முதல் தரம் "விசர்க் கதை கதையாதே" என்று ஏசுவார். இரண்டாம் தரம் சொல்லுவார்.

பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. 'த பிட்'டில் இரத்தம் தாராளம், தூஷண வார்த்தைகளும் தாராளம், ஒரு பிரசவத்தை மறைக்காமல் காட்டுகிறார்கள். சின்னவர்களோடு இருந்து பார்க்க முடியாது. குடும்பமாகச் சிரிக்கவேண்டுமென்றால் 'செயின்ட் டெனிஸ் மெடிக்கல்' பாருங்கள். ஒரேகன் மாநிலத்தில் காசில்லாத ஓர் ஆஸ்பத்திரி. கதாநாயகி அலெக்ஸ் மேற்பார்வைத் தாதி. வேலை முடிந்த பிறகும் வீட்டுக்குப் போக மனம் வராதவள். மருந்து மாத்திரையை நம்பாத ஒரு மதக்குழுவில் வளர்ந்து, பிறகு தாதியாக வந்த மற் என்ற பொடியனும் இருக்கிறான். அவனுடைய வெகுளித்தனத்துக்காகவே பார்க்கலாம். சில பகிடிகள் அசடு வழிகின்றன, பரவாயில்லை.

'த பிட்' இரண்டாம் பருவம் யூலை 4ஆம் திகதி நடப்பதாக எடுத்திருக்கிறார்கள். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது யாரும் முடிவை எனக்குச் சொல்லிவிடாதீர்கள். இரவு வேலையால் எனக்கு இன்னும் மூன்று பகுதிகள் மிச்சம்.