கோவை கார் ரேஸ்: புகை ட்ராக்கிலா, ரோட்டிலா? கணக்கு சொல்வது என்ன?

சும்மா சுத்தி சுத்தி வர்றதுக்கு இவ்வளவு பெட்ரோலா? கார் ரேஸ் என்றதுமே பலருக்கும் தோன்றும் கேள்வி இது. கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயும் இந்தக் கேள்வியிலிருந்து தப்பவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை வேறு பக்கம் கைகாட்டுகிறது.

கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005-ல் களமிறங்கிய அதே ஃபார்முலா 1 போட்டி, 2018-ம் ஆண்டுக்கான தன் கார்பன் கணக்கை வெளியிட்டது. மொத்தம் சுமார் 2.56 லட்சம் டன் கார்பன் டை ஆக்சைடு. அதில் ட்ராக்கில் சீறும் கார்களின் பங்கு எவ்வளவு தெரியுமா? வெறும் 0.7 சதவீதம்! கார், டயர், கருவிகளை விமானத்திலும் கப்பலிலும் லாரியிலும் நாடு நாடாகக் கொண்டுபோவதற்கு 45 சதவீதம். அணியினரின் பயணத்துக்கு சுமார் 28 சதவீதம். ரசிகர்கள் வந்துபோகும் பயணம் இந்தக் கணக்கிலேயே இல்லை என்பதுதான் இதில் இடிக்கிற விஷயம்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். கரி ட்ராக்கின் ஒரு சுற்று சுமார் 2.1 கிலோமீட்டர். 20 கார்கள், 15 சுற்று என்று வைத்துக்கொண்டால் எல்லா காரும் சேர்ந்து ஓடுவது 630 கிலோமீட்டர். சென்னையிலிருந்து ஒரு ரசிகர் காரில் கோவை வந்து திரும்பினாலே சுமார் ஆயிரம் கிலோமீட்டர் ஆகிவிடும். ரேஸ் கார் மூன்று மடங்கு பெட்ரோல் குடிக்கும் என்றே வையுங்கள். அப்பவும் சென்னையிலிருந்து வந்துபோகும் இரண்டு கார்களின் கணக்குதான் அது. பயிற்சி, தகுதிச்சுற்று, மற்ற ரேஸ்கள் என அதைப் பத்து மடங்காக்கினால்கூட 20 கார். பார்க்கிங்கில் ஒரு ஓரம்!

இதை எப்படிக் குறைப்பது? ஃபார்முலா 1 அடுத்தடுத்த போட்டிகளைப் பக்கத்து நாடுகளில் வைக்கத் தொடங்கியுள்ளது. செப்டம்பர், அக்டோபரில் நடந்துவந்த ஜப்பான் போட்டி 2024-ல் ஏப்ரலுக்கு மாறியது அப்படித்தான். 2030-க்குள் நிகர பூஜ்ஜிய உமிழ்வு என்பது அதன் இலக்கு.

கோவைக்கு அவ்வளவு பெரிய திட்டமெல்லாம் தேவையில்லை. செட்டிபாளையத்துக்குப் பக்கத்திலேயே போத்தனூர் ரயில் நிலையம் இருக்கிறது. ரேஸ் நாளில் அங்கிருந்தும் காந்திபுரத்திலிருந்தும் சிறப்புப் பேருந்து விட்டு, டிக்கெட்டோடு பஸ் கட்டணத்தையும் சேர்த்துவிட்டால், தனியாக கார் எடுத்து வருபவர்களில் ஒரு பகுதியினராவது சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்கள்.